நீச்சற்குளத் திணை: ஓர் இலக்கண முன்வரைவு

குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் என மலையிலிருந்து கடல்வரை எல்லா நிலத்துக்கும் ஓர் ஒழுக்கம் வகுத்த தமிழ் இலக்கணம், சென்னைப் புறநகரில் குடியிருப்போர் சங்க அலுவலகத்துக்குப் பின்னால் மூன்றடியில் தொடங்கி எட்டடியில் முடிகிற, நீல டைல்ஸ் பதித்த நிலத்தைக் கண்டுகொள்ளாமலே விட்டிருக்கிறது. தொல்காப்பியர்மீது பழி சொல்ல முடியாது. அவர் காலத்தில் சங்கம் இருந்திருக்கலாம். குடியிருப்போர் சங்கம் இல்லை. விடுபட்ட இத்திணைக்கு முதல், கரு, உரி வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆறாம் திணை என்று அழைக்கத்தான் ஆசை. ஆனால் கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் சேர்த்து அகத்திணை ஏழு என்பதால், வரிசைப்படி இது எட்டாவது. ஆழமும் எட்டடி என்பது தற்செயலே.

இத்துறையில் நமக்கு முன்னோடி ஒருவர்தான்: புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார். கையில் கோல், பேச்சுக்கு நடுவே இருமல் என்று ஆகிவிட்ட முதுமையில், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மிரளும்படி ஆழத்தில் குதித்து, அடிமணலை அள்ளி வந்த சிறுவயதை நினைத்து ஏங்குகிறார். இதில் மணல்தான் முக்கியம். அடியைத் தொட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் கரையில் நிற்பவன் நம்பமாட்டான், சான்று கேட்பான். இன்றும் அதே கதைதான். எங்கள் குளத்தின் அடியில் மணல் கிடையாதென்பதால் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு எடுத்துவந்தோம். ஆனால் அப்பாட்டில் ஒரு பெருங்குறை உண்டு. சிறுவனாயிருந்த அவரைக் கரையேறச் சொல்லிக் கூப்பிட்டவர் யார், எத்தனை முறை கூப்பிட்டார், அவர் என்ன சாக்குச் சொன்னார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே நாம் வந்திருக்கிறோம்.

முதற்பொருளில் பொழுதை முதலில் பார்ப்போம். பெரும்பொழுது வேனில், அதிலும் ஆண்டுத் தேர்வு முடிந்து, கத்திரி வெயில் தொடங்கும் மே மாதம். சிறுபொழுது நண்பகல். இரண்டுமே பாலைக்குரியவை. ஆனால் நிலத்திலோ லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் நிற்கிறது. பாலையின் பொழுதும் மருதத்தின் நீரும் ஒரே இடத்தில் கூடியதால் இதைத் திணைமயக்கம் என்று ஒதுக்க நினைப்பவர்கள், திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்ற தொல்காப்பிய விதியை மறக்கக் கூடாது. மூன்றடியில் நிற்பவன் குறுக்கே கட்டிய கயிற்றைத் தாண்டி எட்டடிப் பக்கம் போகக் கூடாது என்று கோச் போட்ட சட்டமும் அதுவேதான்.

இனிக் கருப்பொருள். தெய்வம், கோச். இவர் நீரில் இறங்கி ஒருவரும் பார்த்ததில்லை. கழுத்தில் விசில், கையில் நீளமான மூங்கில் கழியோடு கரையிலேயே உலவுவார்; பயந்தவனுக்கு அந்தக் கழி பற்றுக்கோடு, ஓடுபவனுக்கு எச்சரிக்கை. பறை, அந்த விசில். மரம், வாதாமரம். புள், துண்டின் மேல் வைத்த பிஸ்கட்டைப் பாக்கெட்டோடு தூக்கும் காகம். மா என்ற இடத்தில், காலை முதல் பேட்ச்சுக்கும் முன்பே குளத்துக்குள் இருக்கும் தவளையை வைக்கலாம். அது உறுப்பினர் அட்டை காட்டியதாகத் தெரியவில்லை. யாழ், பம்ப் ரூம் மோட்டார். இரவும் பகலும் ஒரே சுருதி.

மணத்தைத் தனியே சொல்ல வேண்டும். பூவால் பெயர்பெற்ற திணைகளுக்கு நடுவே இது மணத்தால் அறியப்படும் திணை. பள்ளி திறந்த பிறகும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வாடையைக் குளோரின் வாசனை என்றும், வாசனை தூக்கலாக இருந்தால் குளம் சுத்தம் என்றும் எங்கள் பெற்றோர் நம்பினார்கள். வேதியியல் வேறு சொல்கிறது. குளோரின், நீரில் இறங்கியவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து உண்டாக்கும் குளோரமின்களின் வாடைதான் அது. கண் சிவப்பதற்கும் அவையே பெருங்காரணம். ஆக, வாசனை தூக்கல் என்றால் பேட்ச்சில் கூட்டம் அதிகம் என்று பொருள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை அளக்கவே ஒரு வழி கண்டார்கள். உடலில் செரிக்காமல் அப்படியே வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பூட்டி, குளத்து நீரில் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து, 8,30,000 லிட்டர் குளமொன்றில் சுமார் 75 லிட்டர் சிறுநீர் என்று கணக்கிட்டார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அவர்கள் ஆராய்ந்த குளங்களில் எங்கள் சம்மர் கேம்ப் பேட்ச் இறங்கியதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நிலத்துக்குத் திரும்புவோம். ஒரு வரலாற்று நிகழ்வு இங்கே பதிவாக வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, இயல்பு கெட்டால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் கருத்து. 2003 கோடையில் நீச்சற்குளத் திணையும் அப்படித் திரிந்தது. மழை பொய்த்துச் சென்னை முழுவதும் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த காலம் அது. குளத்துக்குத் தண்ணீர் நிரப்புவதா என்று சங்கக் கூட்டத்தில் கேட்கக்கூட யாருக்கும் துணிவில்லை. நீலத் தரை வெடித்துக் காய்ந்தது. அதில் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். மூன்றடிப் பக்கம் ஸ்டம்ப், ஐந்தடிப் பக்கத்திலிருந்து பந்துவீச்சு. யார் எப்படி அடித்தாலும் பந்து கடைசியில் சரிந்து எட்டடிக்கே போய்ச் சேரும். அதை எடுத்துவரும் பொறுப்பு, நீந்தத் தெரியாததால் அதுவரை அந்தப் பக்கம் போகாதவர்களுக்குத் தரப்பட்டது. அந்த ஒரு கோடையில்தான் வாட்ச்மேன் அட்டை கேட்கவில்லை. மதிலுக்கு அப்பால் இருந்த தெருப் பையன்கள் உள்ளே வந்து எங்களோடு ஆடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் அந்த மதில்மேல் ஏறி உட்கார்ந்து எங்கள் டைவுக்கு மதிப்பெண் போட்டவர்கள். அவர்களில் ஒருவன் இடக்கையால் வீசியதை எங்களில் யாராலும் அடிக்க முடியவில்லை. மறுபடி தண்ணீர் வந்தபோது அட்டையும் வந்துவிட்டது. நீர்நிலைக்குள் யார் இறங்கலாம் என்ற கேள்வி இந்த நாட்டில் டைல்ஸைவிட மிகப் பழையது. அதற்கும் ஒரு கருப்பொருள் வேண்டுமென்றால் மதில் என்று எழுதிக்கொள்க.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல் என்பதுபோல, நீச்சற்குளத்துக்கு உரியது கரையேறாமையும் கரையேறாமை நிமித்தமும். கூற்று நிகழ்த்துவோர் மூவர்: தலைவன் (வயது ஒன்பது), நற்றாய், துண்டோடு நிற்கும் செவிலியாகிய பாட்டி.

துறை: விசில் ஊதியபின் நற்றாய் அழைத்தது. “டேய், டைம் ஆச்சு, மேல வா.”

துறை: தலைவன் தவணை கேட்டது. “இன்னும் ஒரே ஒரு டைவ்மா.”

துறை: அத்தவணை பலமுறை கடந்தமை கூறி நற்றாய் சினந்தது. “இதையேதான்டா அப்பலேர்ந்து சொல்லிட்டிருக்க.”

துறை: மெய்ப்பாடு காட்டிச் செவிலி அஞ்சியது. “உதடெல்லாம் நீலமாயிடுத்து பாரு, வெரல் சுருங்கிப்போச்சு. ஏன்டா கண்ணா, ஜுரம் வந்தா ஸ்கூல் திறக்கறச்சே என்ன பண்ணுவே?”

செவிலியின் கூற்றில் பாதிக்கு அறிவியல் துணை நிற்கிறது. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். அதனால்தான் கத்திரி வெயிலிலும் பல் கிட்டுகிறது. ஆனால் விரல் சுருங்குவதைக் காட்டி அழைத்ததில் அவர் தரப்பு தோற்கிறது. நீர் ஊறி நடப்பதாக நாம் நினைத்த அது, நரம்புகள் இட்ட ஆணையால் இரத்தக் குழாய்கள் சுருங்கி நடப்பது. விரல் நரம்பு பழுதானவர்களுக்கு அது நடப்பதில்லை. 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், சுருங்கிய விரல்கள் ஈரமான பொருள்களை விரைவாக எடுத்து வைத்தன. அதாவது, விரல் சுருங்கியவன் வெளியே வரவேண்டியவன் அல்லன். இப்போதுதான் நீருக்குத் தகுதி பெற்றவன். இந்த வாதம் அப்போது கைவசம் இல்லாததால் எத்தனையோ தலைவர்கள் அநியாயமாகக் கரையேற்றப்பட்டார்கள்.

ஏற்றப்பட்டபின் நிகழும் துண்டுத் துவட்டல், தலை கழன்று விழுமோ என்ற அளவில் அமைவது. உச்சியில் ராஸ்னாதிப் பொடி வைத்துத் தேய்ப்பதும் அதனுள் அடங்கும்.

விசில், தாய், பாட்டி, மூங்கில் கழி எல்லாம் தோற்ற இடத்தில் தலைவனைக் கரையேற்ற வல்லது ஒன்றே: உணா. கருப்பொருள் வரிசையில் நாம் அதைத் தாண்டி வந்தது மறதியால் அன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2005இல் வந்த ஆய்வொன்றில், 20 டிகிரி நீரில் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள், 33 டிகிரி நீரில் செய்தபோதைவிட 44 சதவீதம் கூடுதல் கலோரி சாப்பிட்டார்கள். எங்கள் குளம் மே மாதத்தில் அத்தனை குளிர் இல்லை. ஆனாலும் கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி காயும் மணம் வந்ததும், ஒரே ஒரு டைவ் கேட்டவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏணியில் வரிசை கட்டினார்கள். எனவே இத்திணைக்குரிய உணா, செய்தித்தாள் துண்டில் வைத்துத் தந்த வெங்காயச் சமோசா என்பது கருத்து. முட்டை போண்டா என்பாரும் உளர். அவர்கள் சாயங்கால பேட்ச்.