காணாமல் போன எக்கோ

கருணாபுரம் என்றால் இப்போது வெளியூர்க்காரர்களுக்கு 2024 ஜூன் மாதக் கள்ளச்சாராயச் சாவுகள்தான் ஞாபகம் வருகின்றன. எனக்கு அதற்கு முன்னால் ஞாபகம் வருவது, சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய பத்துக்குப் பத்து அறை. அதுதான் எங்கள் ஸ்டூடியோ. ஆடி மாத அம்மன் பாட்டு, தேர்தல் ஆட்டோவுக்குப் பிரசாரம், காதுகுத்து அறிவிப்பு எல்லாம் அங்கேதான்.

2007-இல் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு ஜிபி ராம். அன்றைக்கே டேப் டெக்கைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். இனி மிஷின் எதற்கு? 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு, எக்கோ, ஈக்வலைசர் எல்லாம் சாமானாக இருந்தது போய் ஃபைலாகிவிட்டன. பெயர் ப்ளக்-இன். ஒரு சிடியில் நூறு ப்ளக்-இன் கிடைத்தது. காசு கொடுத்தாயா என்றால், கொடுத்தேன், சிடிக்கு.

அந்த நூறில் எனக்கு உயிர், பழைய டேப்பின் இரைச்சலைப் போட்டுத் தரும் ஒன்று. எடைக்குப் போட்டது கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பி வந்துவிட்டது!

போன வருஷம் 64 பிட் கம்ப்யூட்டர் வாங்கினேன். காலமான ஓர் உடுக்கைக்காரரின் மகள் வந்தார்.

"அண்ணே, அப்பா பாடுனது உங்க பொட்டியிலதான இருக்கு?"

இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் பாதிதான் கேட்டது. மைக்கில் பதிந்த குரலும் உடுக்கையும் வந்தன. ப்ளக்-இன்னில் வாசித்த ஆர்மோனியம் ஊமை, எக்கோ மாயம். எல்லாம் 32 பிட் சரக்கு. 64 பிட் சாஃப்ட்வேர் அதை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளாது. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளுக்கு நடுவே ஆள் வைப்பதுபோல, ஜேபிரிட்ஜ் மாதிரி ஒரு பாலம் வேண்டும். இவை சேர்ந்த இரண்டாம் தலைமுறை வி.எஸ்.டி.க்குப் புது உரிமம் தருவதையே ஸ்டைன்பெர்க் 2018-இல் நிறுத்திவிட்டது.

பாலம் கட்டப் பொறுமையில்லை. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றதால் அதற்கு நெட் கனெக்‌ஷன் கிடையாது. ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் உண்டு. முக்கி முனகி எழுந்தது. ஆர்மோனியம், எக்கோ, டேப் இரைச்சல் எல்லாம் சேர்த்துப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

அவர் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தக் கூவலெல்லாம் வேணாம்ணே. மொதல்ல போட்டீங்களே, அப்பா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி. அது போதும்."

அந்த ஒரு ட்ராக்கை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் பழைய ஸ்டூடியோ பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது எழுந்து நிற்கும்போதே ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள், எக்கோவோடு ஒன்று, எக்கோ இல்லாமல் ஒன்று. கேட்டு வருகிறவர்களுக்கு எது வேண்டுமென்று நமக்குத் தெரியாது.