உங்கள் சூளையில் குழந்தைத் தொழிலாளரே இல்லாமல் செய்ய ஆறு எளிய வழிகள்

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளை நடத்தும் முதலாளிகளுக்கு ஒரு மனக்குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்து, தொழில் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஆய்வுக்கு ஜீப் வந்துவிடுகிறது. களத்தில் பச்சைக்கல் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கண்டதும் அதிகாரிகள் முகம் கோணுகிறார்கள். குழந்தைகளை அப்புறப்படுத்தாமல் குழந்தைத் தொழிலை மட்டும் அப்புறப்படுத்தும் முறைகளை உங்கள் நன்மைக்காகத் தொகுத்திருக்கிறோம்.

தேவையானவை: பெயர்ப்பலகை ஒன்று, கூலிப் பதிவேடு ஒன்று, சிலேட்டு இரண்டு, வாய் சாமர்த்தியமுள்ள மேஸ்திரி ஒருவர், ‘நாளைக்கு வர்றாங்க’ என்று முதல்நாளே போன் செய்யும் நண்பர் ஒருவர்.

1. ஆளை எடுக்காதீர்கள், குடும்பத்தை எடுங்கள்

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கம் நுவாக்காய் அறுவடைப் பண்டிகை முடிந்த கையோடு தரகர்கள் முன்பணத்துடன் ஊருக்குள் இறங்குவார்கள். அங்கே சூளை வேலைக்கு ஆள் கணக்கு கிடையாது, ‘பதூரியா’ கணக்குதான். புருஷன், பெண்சாதி, ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு பதூரியா. பேசும்போது மூன்று பேர், பதிவேட்டில் எழுதும்போது இரண்டு பேர். உள்ளூரிலேயே இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கிடைத்தால் ரயில் செலவும் மிச்சம்.

2. கூலியை ஆயிரத்துக்குப் பேசுங்கள்

நாள்கூலி கொடுத்தால் பிள்ளையை வேலை செய்யச் சொல்லி நீங்களே வாய் திறக்க வேண்டிவரும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் அந்தப் பாவம் உங்களுக்கு இல்லை. விடியுமுன்பே அப்பா மண் மிதிப்பார், அம்மா கல் அறுப்பாள். அறுத்த கல் வெயிலில் சீராகக் காய அதைப் புரட்டிவிட ஒருவர் வேண்டும், புரட்டியதை அடுக்க ஒருவர் வேண்டும். மூன்றாவது ஜோடிக் கை தானாக வந்து சேரும். நீங்கள் அந்தப் பிள்ளையை வேலை வாங்கவே இல்லை, கணக்குதான் வாங்குகிறது.

3. கடன் என்ற சொல்லைத் தவிருங்கள்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் செல்லாது, திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறது அது. ஆகவே ‘அட்வான்ஸ்’ என்றே சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அரிசிக்கும் எண்ணெய்க்கும் செலவுக் காசு கொடுங்கள். கணக்கை மட்டும் சீசன் முடியும்வரை பிரிக்காதீர்கள். கணக்கு பிரியாதவரை குடும்பமும் பிரியாது. யாராவது ஊருக்குப் போயே தீர வேண்டும் என்றால் ஒருவரை அனுப்பி, மற்றவர்களை இருத்திக்கொள்ளுங்கள்.

4. ‘குடும்பத் தொழில் சார்’

14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொல்கிறது. அதே திருத்தம் ஒரு சந்தும் விட்டிருக்கிறது. பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை ஒத்தாசை செய்யலாம். அதிகாரி கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒரு சின்னச் சிக்கல்: தொழில் அந்தக் குடும்பத்துடையதாக இருக்க வேண்டும். நிலம், உரிமம், லாரி எல்லாம் உங்கள் பேரில் இருப்பதைக் கவனிக்கும் அளவுக்கு அவர் கூர்மையானவர் என்றால், உடனே இளநீர் வெட்டச் சொல்லுங்கள்.

5. பலகையும் படிப்பும்

‘இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை’ என்று தமிழில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் ஒடியா பேசுகிறவர்கள் என்பதால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

பள்ளிக்கூட விஷயத்தில் உஷார். திருவள்ளூர்ச் சூளைகளில் ஒடியாப் பாடப்புத்தகம் வைத்தே பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். இது பரவினால் காலையில் கல் புரட்ட ஆள் இருக்காது. நீங்கள் சிலேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாட்காட்டியும் உங்கள் பக்கம்தான்: கல்வியாண்டின் நடுவில் ஊரைவிட்டு வரும் பிள்ளைக்கு அங்கேயும் பரீட்சை இல்லை, இங்கேயும் வருகைப் பதிவு இல்லை.

6. ஜூன் 12-ல் தாராளமாக உறுதிமொழி எடுங்கள்

குழந்தைத் தொழில் எதிர்ப்பு நாள் நமக்கென்றே குறித்ததுபோல் சீசன் முடிகிற சமயத்தில் வருகிறது. குடும்பங்கள் ரயிலேறிக்கொண்டிருக்கும். வெறும் களத்தில் நின்று வலது கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு பிள்ளையும் இருக்காது.

அடிக்கடி எழும் சந்தேகம்: மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பெற்றவங்களே கூட்டிட்டு வந்தாங்க’ என்பது எடுபடாது. முதல் முறை என்றால் சட்டம் பெற்றோரை விட்டுவிடும், உங்களை விடாது. யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போட்டால் போதும். களத்தருகே செல்போனோடு சுற்றும் வெளியாட்களைச் சேர்க்காதீர்கள்.

எச்சரிக்கை: கீழ்க்கண்ட முறையை முயலாதீர்கள்

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த பிள்ளைகள் தொடர்பான எம்.சி.மேத்தா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு பார்க்க வேண்டும் என்றது. சூளையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே அப்பா, அம்மா இருவருக்கும் இருட்டுக்கு இருட்டு வேலை இருக்கிறது. இல்லாதது கூலிதான்.

ஆகவே சிலர் விபரீதமாக யோசிக்கிறார்கள். இரண்டு பெரியவர்களுக்கும் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி; பெண்ணின் கூலி அவள் பெயரிலேயே, அவள் கையிலேயே; வாராவாரம் கணக்குத் தீர்ப்பு; முன்பணத்தைக் காட்டி யாரையும் பிடித்து வைக்காமை. இப்படிச் செய்தால் மூன்றாவது ஜோடிக் கைக்குத் தேவையே இருக்காது. செலவும் பயந்த அளவுக்கு இல்லை: ஆயிரம் கல்லுக்கு 500 ரூபாய் கூட்டினால் ஒரு கல்லுக்கு 50 காசு. வீடு கட்டுகிறவர் அந்த 50 காசுக்குப் பேரம் பேசுவார், நீங்களும் அவரைக் காரணம் காட்டலாம்.

இந்த முறையில் ஒரே ஒரு தொல்லை, அது பலித்துவிடும். அப்புறம் மேலே சொன்ன ஆறு வழிகளும் வீண். பலகை எழுதியவரும் காசைத் திருப்பித் தர மாட்டார்.