பின்கதவுப் புன்னகை

கண்டியில் ஒரு தமிழ் நாடகம் முடிந்து சற்று நேரத்தில் மண்டபத்தின் பின்கதவடியில் தோன்றும் அந்த மனிதரை ஊருக்கே தெரியும். பகலில் அவர் ஆசிரியர், அல்லது வங்கியில் லிகிதர். இரவு எட்டு மணிக்கு இராவணன். முகத்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். காதோரத்தில் மட்டும் ஒரு கோடு தப்பியிருக்கும். தப்பியது என்று சொல்வது மரியாதைக்காக. வேண்டுமென்றே விடப்பட்டது அது. இல்லாவிட்டால் பத்துத் தலைக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று வெளியில் நிற்பவர்களுக்கு யார் சொல்வது? தோளில் துவாய், கூப்பிய கை, குழைந்த குரல். "நீங்க முன்வரிசையிலதானே இருந்தீங்க? மேடையிலிருந்தே கண்டேனே!" என்பார். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே இருட்டுத்தான் என்பது மேடையேறிய எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தவர்கூட "ஆமா சேர்" என்று தலையாட்டிவிடுவார். அடுத்த வசனம், "குறை இருந்தா ஒளிக்காமச் சொல்லுங்க" என்பது. இதை நம்பி இரண்டாம் காட்சி கொஞ்சம் இழுவை என்று யாராவது வாய்விட்டுவிட்டால், புன்னகை இருந்த இடத்திலேயே இருக்கும். கண் மட்டும் அடுத்த ஆளிடம் போய்விடும்.

இதே மனிதரைப் பத்து நிமிடம் முன்பு உள்ளே பார்த்தவர்கள் வேறொரு கதை சொல்வார்கள். இரவல் வாங்கிய கிரீடம் நெற்றியை அறுக்கிறது. மிருதங்கக்காரர் தாளத்தை ஓட்டிவிட்டார். மண்டோதரியின் சேலைக்கு வைத்திருந்த ஊசிகளை எவனோ எடுத்துவிட்டான். தனக்கென்று மூடி வைத்த பிளேன்டீயை அங்கதன் குடித்துவிட்டான். இந்த நேரம் பார்த்து, கையில் தொலைபேசியோடு "ஒரு செல்ஃபி அண்ணே" என்று ஒரு பையன் திரையை விலக்கிக்கொண்டு வருகிறான். "யாரு இவன உள்ள விட்டது?" என்ற முழக்கம் அந்த இரவில் அவர் பேசிய வசனங்களிலேயே மிகத் தெளிவாகக் கடைசி வரிசைக்கும் கேட்கும். விரட்டப்பட்ட அதே பையனைக் கால்மணி நேரம் கழித்துக் கதவடியில் கண்டால், "வாங்க தம்பி, எந்த ஊரு?" என்று தோளில் கைபோட்டுப் படத்துக்கு நிற்பார். பையனுக்குத் தலை சுற்றும்.

இதைப் பார்த்து ஊர் சொல்லும் தீர்ப்பு, இரட்டை முகம் என்பது. தீர்ப்பு தவறு. குற்றம் முகத்தில் இல்லை, கதவில் இருக்கிறது. கதவு இருக்கும் இடத்தில்தான் கதவடிப் புன்னகை விளையும். கதவு எவ்வளவு கனமோ அவ்வளவு இனிப்பு. இதற்குச் சான்று பேராதனையில் மேடையேறிய கூத்திலேயே உண்டு. மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சுற்றிவர ஊர் உட்கார்ந்திருக்கும்; முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவதும் அந்த மரபின் ஒரு படி. அதாவது, ரசிகன் நடிகனின் கதவடியில் காத்து நிற்கவில்லை. நடிகன்தான் ரசிகனின் கதவைத் தட்டினான். 1956இல் நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் சிங்கள அரங்கில் ஒரு வழி திறந்துவிட, அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலிய கூத்துகளைத் தயாரித்தார். விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஏற்றினார். கூத்துக்கு அது புத்துயிர், சந்தேகமில்லை. ஆனால் படச்சட்ட மேடை தனியாக வராது. பின்கதவும் இலவச இணைப்பாக வந்து சேரும். நான்கு புறமும் தெரிந்த மனிதனுக்கு அன்றுதான் ஒரு மறைவிடம் கிடைத்தது. மறைவிடம் கிடைத்தவனுக்குக் கோபப்பட ஓர் அறையும் சிரிக்க ஒரு வாசலும் தேவைப்பட்டன.

கதவே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய கலஹா, புசல்லாவை என்று மேலே ஏறினால் போதும். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து. மன்மதன், ரதி, யமன், வீரபத்திரன் எல்லோரும் அதே லயத்து ஆட்கள். ரதியாக ஆடுபவரும் மரபுப்படி ஓர் ஆண்தான். மன்மதன் எரிந்தபின் அவர் அழுகிற அழுகையில் தோட்டமே கலங்கும். மறுநாள் காலை அதே ரதி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறுவார். அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. போன மாதம் வாங்கிய ஐந்நூறு ரூபாயைத்தான் கேட்பார்கள். ரசிகருக்கென்று தனிப் புன்னகை ஒன்றை அவர் தயாரித்து வைத்திருந்தாலும் அதைக் காட்டுவதற்கு ஆள் அகப்படாது. ஒரு மறுப்பு வரலாம்: வேடம் கட்டிவிட்டால் அந்த மன்மதனும் பெற்ற தாயைத் தெரியாதவன் மாதிரி நடக்கிறானே, ஊரே கும்பிடுகிறதே? நடக்கிறான்தான். விரதமிருந்து கட்டிய வேடம் அது. கும்பிடு சாமிக்குப் போகிறது. வேடத்தைக் கலைத்ததும் சாமி போய்விடும். மிஞ்சுவது மச்சான் மட்டும். கண்டிப் பின்கதவில் நடப்பது இதற்கு நேர் எதிர். வேடத்தைக் கலைத்த பிறகுதான் அங்கே கும்பிடு ஆரம்பமாகிறது.

இனி, புன்னகையை மொத்த வியாபாரமாகச் செய்யும் இடமும் இந்த நகரத்திலேயே இருக்கிறது. தலதா மாளிகைக்கு அருகில், வாவிக் கரையோரம், அந்தி சாயும் நேரத்தில் நடக்கும் கண்டி நடனக் காட்சிகளைத்தான் சொல்கிறேன். அவற்றை நடத்தும் கண்டியக் கலைச் சங்கம் 1882இல் தொடங்கியது. மேளம், வெஸ் நடனம், கடைசியில் தீமிதி. தணலில் நடந்து வந்த கால் ஆறுமுன்னே ஜெர்மன்காரரோடும் சீனாக்காரரோடும் படத்துக்கு நின்று, எல்லா மொழியிலும் ஒரே அளவு சிரிக்க வேண்டும். இதை வெறும் பாசாங்கு என்பவர்கள் அந்த வெஸ் தலையணியின் கதையை அறிய வேண்டும். பல வருடப் பயிற்சிக்குப் பிறகு, சுபவேளை பார்த்து, சடங்கோடு சூட்டப்படுவது அது. ஆகவே வெளியில் எவரும் தோளில் கைபோடலாம், உள்ளே எவரும் தலையணியைத் தொடலாகாது. உள்ளே இருக்கும் கண்டிப்பைத் திமிர் என்று படிப்பது பிழை. கலைக்குரிய மரியாதை உள்ளே செலவாகிறது. டிக்கெட்டுக்குரிய மரியாதை வாசலில் செலவாகிறது. இர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் ஷெட்லாந்துத் தீவுகளில் ஒரு ஹோட்டலில் சமையலறைக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவிலிருந்த கதவைக் கவனித்து இதே முடிவுக்கு வந்தார். பரிமாறுபவரின் முகம் அந்தக் கதவைத் தாண்டும்போது மாறுவதை அவர் எழுதினார். எழுதிய நூல் முதலில் வெளியானதும் 'மனமே' வந்த அதே 1956இல்தான்.

கதவு எல்லோருக்கும் பொதுவாக இருக்க, உள்ளேயும் இனிமையாகப் பேசும் நடிகர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பெரும்பாலும் அவர் நான்காவது அரக்கராக இருப்பார். ஊசி கேட்டால் தன் சட்டையிலிருந்து கழற்றித் தருவார். பையனோடு செல்ஃபிக்கும் நிற்பார். கதவடியில் மட்டும் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. "கொஞ்சம் விலகுங்க, இராவணன் வரட்டும்" என்று அவரையே ஓரத்துக்குத் தள்ளுவார்கள். ஆக, புன்னகையைக் கேட்டு வாங்குபவர்கள் வெளியில் நிற்பவர்கள்தான். இலவச அனுமதிச் சீட்டில் வந்து, அரைவாசியில் எழும்பி ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தவரும் கதவடியில் "அற்புதம் சேர், கண்ணீரே வந்துட்டுது" என்பார். பஸ் ஏறியதும் அந்தக் கண்ணீர் கொட்டாவியால் வந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் விளக்குவார். பேராதனைத் திறந்தவெளி அரங்கில் இந்தச் சிக்கல் குறைவு. சரிவில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் தங்கள் விமர்சனத்தைக் காட்சி நடக்கும்போதே ஊளையிட்டுச் சொல்லிவிடுவார்கள். முடிந்தபின் பொய் சொல்ல மிச்சம் ஒன்றும் இருக்காது. மற்ற மண்டபங்களில் கதவுக்கு இரண்டு பக்கமும் நடிப்புத்தான். உள்ளிருந்து வருபவராவது ஒத்திகை பார்த்திருக்கிறார்.

ஆகவே ஒரு நடிகரை உண்மையில் அறிய விரும்புபவர் வாசலில் பூச்செண்டோடு நிற்பதில் பயனில்லை. அரங்கப் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கண்டிப்பாக ஏச்சு விழும்: "அத அங்க வைக்காத, கண்ணு தெரியலியா?" நன்றி கிடைக்காது, படம் கிடைக்காது, ஊர் பெயரை யாரும் விசாரிக்க மாட்டார்கள். பெட்டியை வைக்க வேண்டிய இடத்தை மட்டும் சொல்லுவார்கள். ஆனால் அந்த மனிதரிடமிருந்து அன்றிரவு ஒருவருக்குக் கிடைத்த, ஒத்திகை பாராத ஒரே வசனம் அதுதான்.