பிஷப் வேண்டாத சபை

எங்கள் ஊர்ச் சபையில் எழுபது தாண்டிய சிலர் இன்றைக்கும் "நாங்க ஸ்காட்ச் மிஷன்" என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் அந்த வயசுக்காரன்தான், நானும் சொல்வேன். எங்களில் ஒருவரும் ஸ்காட்லாந்தைக் கண்டதில்லை. சேலத்து லண்டன் மிஷன் குடும்பத்தில் பெண் எடுக்கப் போகும்போது மட்டும் அந்த நாடு எங்களுக்குச் சொந்தமாகிவிடும்.

செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பம் எங்களுடையது. 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரியானது. அந்தப் படிப்பு எங்கள் சேரி வரை வரவில்லை. வந்தது ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார். நிலமில்லாத பறையர்களுக்குத் தரிசு நிலம் கொடுங்கள் என்று சர்க்காரை விடாமல் நச்சரித்தவர். கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892-இல் அரசாணை வந்த காலம் அது. கொள்ளுத்தாத்தாவைச் சபைக்குள் கொண்டுவந்தது, உலகத் தோற்றத்துக்கு முன்பே தேவன் செய்த முன்குறிப்பு என்று தாத்தா நம்பினார். தரிசு நிலம் கேட்டுப் போடும் தர்க்காஸ்து மனு என்று பாட்டி நம்பினாள். முன்குறிப்பைப் போதித்த கால்வின் பக்கம் தாத்தா ஒருவர்தான். மற்ற எல்லாரும் பாட்டி பக்கம்.

தாத்தா சபை மூப்பர். பிரஸ்பிட்டேரியன் முறையில் பிஷப் கிடையாது. போதகரும் சபை தேர்ந்தெடுத்த மூப்பர்களும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். அதற்கு மேலே வட்டாரச் சபைகளின் மன்றம். 1637-இல் ராஜா புதிய ஜெபப் புத்தகத்தை எடின்பரோ தேவாலயத்தில் வாசிக்கச் சொன்னபோது, ஒரு காய்கறிக்காரி முக்காலியைத் தூக்கிப் பாதிரியார் மேல் வீசினாள் என்று ஒரு கதை உண்டு. பக்கத்து முக்காலியில் தானே உட்கார்ந்திருந்தது போல் தாத்தா அதைச் சொல்வார். சபை விரும்பாத போதகரை ஜமீன்தார்கள் திணிக்கிறார்கள் என்று 1843-இல் ஸ்காட்லாந்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் உதறி வெளியேறியதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். எங்கள் ஊர் நாட்டாமைக்காரரை அந்த ஜமீன்தார் இடத்தில் வைத்துத்தான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

மனிதர் எல்லாரும் சமம் என்ற இந்த ஏற்பாட்டின் மூப்பர் தெருவில் வந்தால் பீடிகள் அணையும். ஓய்வுநாளில் கீரை வாங்கினவள் முந்தானைக்குள் மறைப்பாள். 107 கேள்விகள் கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடையில் நான் எப்போதும் ஏழாவது கேள்வியில், தேவனுடைய தீர்மானங்களில், தடுக்கி விழுவேன். விழுந்த இடத்திலேயே குட்டு விழும்.

திருவிருந்துக்கு முந்தின வாரம் மூப்பர் வீடு வீடாகப் போவார். சண்டை தீராதவர்கள் பந்திக்கு வரக்கூடாது. கடைசியாக எங்கள் வீட்டுக்கே வருவார். செருப்பை வெளியே விட்டு, விருந்தாளி மாதிரி திண்ணையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்: "இந்த வீட்டுல யாருக்காவது யாரு மேலயாவது மனஸ்தாபம் இருக்குதா?" கதவோரம் நின்று பாட்டி சொல்வாள்: "மூப்பரு மேலதான் இருக்குது." அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த சமாதானப் பேச்சு வார்த்தைகளைப் போல் உருப்படியான சபை நடவடிக்கை எதையும் அப்புறம் நான் பார்க்கவில்லை. ஆடு முருங்கையைத் தின்ற விவகாரத்தில் பக்கத்து வீட்டுக்காரியோடும் பாட்டி ராசியாவாள். திங்கட்கிழமை ஆடு மறுபடியும் வரும்.

1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஏற்கெனவே லண்டன் மிஷனோடும் அமெரிக்க மிஷனோடும் சேர்ந்திருந்த எங்களவர்கள் இப்போது ஆங்கிலிக்கரோடும் மெதடிஸ்டுகளோடும் சேர்ந்தார்கள். முக்காலி எறிந்தவளின் ஆவிக்குரிய பேரப்பிள்ளைகளுக்குப் பிஷப் வந்தார். தாத்தா ரயிலேறிப் போய் அந்த ஆராதனையைப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருந்துது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அவர் எதிர்ப்பெல்லாம் முழங்காலில் இருந்தது. பழைய முறையில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மூப்பர்கள் அப்பத்தையும் ரசத்தையும் கொண்டுவருவார்கள். முழங்கால்போடு என்று ராஜா கட்டளையிட்டபோது ஸ்காட்லாந்தில் பெரிய ரகளையே நடந்திருக்கிறது. புது முறையில் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட வேண்டும். தாத்தா முன் பெஞ்சைவிட்டு அசையவில்லை; மூட்டுவலி என்றார். எண்பது வயசு வரை ஏர் ஓட்டியவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வரும் மூட்டுவலி அது. போதகர் அப்பத்தை அவரிடமே எடுத்துவந்து கொடுத்தார். இப்போது நானும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே வாங்குகிறேன். எனக்கு எக்ஸ்ரே இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் கொடுத்ததில் ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்: மாடரேட்டர் பட்டம். அங்கே அது ஒரு வருஷத்துப் பதவி. பொதுச்சபையை நடத்திவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். இங்கே பேராயர்களில் ஒருவர்தான் மாடரேட்டர் ஆக முடியும்.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். தாத்தா காலத்தில் சபையைச் சுமந்ததெல்லாம் வேதாகம ஸ்திரீகள்; மூப்பர் பலகையில் ஒரு பெண் பேர் கிடையாது. ஸ்காட்லாந்துத் திருச்சபையே 1966-இல்தான் பெண்களை மூப்பராக்கியது. எங்கள் திருச்சபை 1976-இல் ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது; 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். எங்கள் சபைக்கு இப்போது ஆயரம்மாதான். இருபதே நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்துவிடுகிறார், அதுவும் புரிகிற மாதிரி. தாத்தா இருந்தால் இரண்டையும் ஆட்சேபித்திருப்பார்.

வீட்டுச் சந்திப்பும் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. கமிட்டித் தேர்தலுக்கு முந்தின மாசம் உயிர்பெற்றுவிடும். போன தடவை வந்த வேட்பாளருக்கு நாற்பது வயசிருக்கும். செருப்பை வெளியே விட்டார், உட்கார்ந்தார், சின்னதாக ஜெபம் செய்தார், காலண்டர் கொடுத்தார். மனஸ்தாபம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எதிரணிக்காரர் மேல் இருந்தால் நல்லது என்று மட்டும் ஜாடையாகச் சொன்னார். பிறகு வாக்காளர் பட்டியலை விரித்தார்.

"அங்கிள், உங்க வீட்டுல மூணு ஓட்டு. நீங்க, ஆன்ட்டி, அப்புறம் பாட்டிம்மா."

பாட்டிம்மா என்றது என் அம்மாவை. கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ரசீது போட்டவர் இவர்தான்.

"அவங்க சந்தா பாக்கி ஏதாவது இருக்குதா, பாரு தம்பி" என்றேன்.

பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தார். "இல்ல அங்கிள், கிளியரா இருக்குது."