ஸ்டெப்னி கிட்டார்

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவனை ஊர் நம்புவதில்லை. கையில் கிட்டார் இருக்கிறது, ஆனால் கிட்டார் என்றால் மக்கள் எதிர்பார்க்கிற சத்தம் அதிலிருந்து வருவதில்லை. வரவேற்புகளில் பந்தி முடித்து, பீடா மென்றபடி மேடை ஓரம் வரும் பெரியவர்கள் என் வாத்தியத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, மீதி ரெண்டு கம்பி எங்கே?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். "இதுக்கு நாலுதான் சார்" என்றால் வறுமையை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் கம்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி நூறு ரூபாயே கொடுத்தார். பெரியவர் மனசு நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த நாலில் தடித்த கம்பியைத் தட்டினால் விநாடிக்குச் சுமார் 41 அதிர்வு. செல்போனின் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. ஆகவே கல்யாண வீடியோவை வாட்ஸப்பில் பார்க்கிற சொந்தபந்தங்களைப் பொறுத்தவரை, நான் மூன்று மணி நேரம் ஜிப்பா போட்டுக்கொண்டு சும்மா நின்றுவிட்டுப் பணம் வாங்கிப் போனவன்.

இப்படிப்பட்டவன் வீட்டில் வந்து "இன்னொரு பேஸ் கிட்டார் வாங்கணும்" என்றால் என்ன பதில் வரும்?

"ஏங்க, ஒண்ணு வாசிக்கறதே யாருக்கும் கேக்கலை. ரெண்டாவது எதுக்கு?"

நியாயமான கேள்வி. காருக்கு ஸ்டெப்னி எதற்கோ அதற்குத்தான் என்றேன். நம்மிடம் கார் இல்லையே என்றாள்.

காரணம் இருந்தது. என்னுடைய முதல் கிட்டார் ஆக்டிவ் வகை. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட்டும், அதற்குச் சோறு போட ஒன்பது வோல்ட் பேட்டரியும் உண்டு. பேட்டரி தீரும்போது முதலில் கரகரக்கும். அப்புறம் ஒரேயடியாக மௌனம். ஆவணி மாத வரவேற்பு ஒன்றில் குத்துப்பாட்டின் சரணத்தில் அது மௌனமானது. பேஸ் நின்றால் என்ன ஆகும் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். யாருக்கும் என்ன குறைகிறதென்று தெரியவில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கையைக் கீழே போட்டார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் பக்கம் நகர்ந்தார். பாடகி மானிட்டரைத் தட்டிப் பார்த்தார். டிரம்ஸ்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். எங்கள் குழுத் தலைவர் பாட்டு முடிந்ததும் மைக்கை மூடிக்கொண்டு சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

இதை விவரித்தபோது மனைவி, "சரி, ஒரு பேட்டரி கூட வாங்கி வெச்சுக்குங்க" என்றாள். விலை குறைவான யோசனைகளில் அவள் எப்போதும் முந்திக்கொள்வாள். பேட்டரியை மாற்றலாம், பின் செருகுகிற சாக்கெட் கழன்று உள்ளே போனால்? வால்யூம் குமிழின் சால்டர் விட்டால்? ஆம்னி பஸ் டிக்கியில் நாலு சூட்கேசுக்கு அடியில் படுத்து மதுரை போய்ச் சேரும்போது கழுத்து வளைந்திருந்தால்? பேஸ் கிட்டாரில் கம்பி அறுவது அபூர்வம். மற்றதெல்லாம் அறும்.

ஆதரவுக்குப் பெரியவர்களைத் துணைக்கழைத்தேன். அறுபதுகளில் அமெரிக்காவில் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962ஆம் வருடத்து ஃபெண்டர் கிட்டாரின் கம்பியை, அறுந்தாலொழிய மாற்றவே மாட்டாராம். அதே கிட்டாரில் எத்தனையோ ஹிட் பாட்டுகள். சொல்லி முடித்த பிறகுதான் இது யார் கட்சிக்கு உதவுகிறது என்று உறைத்தது. "பாத்தீங்களா, ஒண்ணே போதும்னு இருந்திருக்காரு" என்றாள். "அது திருடு போச்சே!" என்றேன். "எப்போ?" "1983இல், அவர் சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி." "அதுவரைக்கும் தாங்கிச்சுல்ல?"

கடைசியில் என்னைக் காப்பாற்றியது பால் மெக்கார்ட்னிதான். பேஸ்காரர்களில் பாதிப் பேர் கிட்டார் வாசிக்க வந்து, குழுவில் கிட்டாருக்கு ஆள் அதிகம் என்பதால் இந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்கள். மெக்கார்ட்னியும் அப்படித்தான். பீட்டில்ஸின் பேஸ்காரர் விலகியதும், வேறு யாரும் முன்வராததால் இவர் தலையில் விழுந்தது. 1961இல் ஹாம்பர்க் நகரத்தில், ஏறத்தாழ முப்பது பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் வாங்கினார். ஃபெண்டர் வாங்க வசதி இல்லை. இடதுகைக்காரர் என்பதால், திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாத வயலின் வடிவம் அவருக்குப் பிடித்திருந்தது. 1963இல் இன்னொரு ஹாஃப்னர் வந்தது. பழையது ஸ்டெப்னி ஆனது. 1972இல் லண்டனில் திருடு போனது. ஐம்பது வருடம் கழித்து ஒரு வீட்டுப் பரணில் இருந்ததாகக் கண்டுபிடித்து 2024இல் அறிவித்தார்கள். நடுவில் அவர் பட்டினி கிடக்கவில்லை. இரண்டாவதாக வந்ததுதான் இன்றைக்கும் அவரோடு மேடை ஏறுகிறது.

மனைவி யோசித்தாள். "அப்போ ரெண்டாவதா வாங்கறதை ஒழுங்கா வாங்குங்க. ஆனா ஆவணிப் பணத்துக்குள்ள." ஆவணிப் பணம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு எல்லை. ஐப்பசி வரை குடும்பம் அதில் ஓட வேண்டும். கிட்டாருக்கு என்று இருபதாயிரம் ஒதுக்கப்பட்டது. மேற்கொண்டு ஒரு ரூபாயானாலும் தாலுகா அலுவலகம் மாதிரி மறு விண்ணப்பம்.

இருபதாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, அதற்கு எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. மரம் மலிவாக இருக்கலாம். மலிவுக் கிட்டார்களில் பாப்லர், பாஸ்வுட் என்று ஏதோ ஒரு மென்மரம் இருக்கும். மேடையில் ஜெனரேட்டர் இரைச்சலையும் நாதஸ்வரக் கோஷ்டி கிளம்புகிற சத்தத்தையும் தாண்டி மரத்தின் ஜாதியைக் கேட்டுச் சொல்லும் காது உள்ளவர் வரவேற்புக்கு வருவதில்லை. மென்மரத்தில் இன்னொரு லாபம், பெரும்பாலும் எடை குறைவு. நாலரைக் கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையாக மொய்க் கவரோடு மேடையேறும் முந்நூறு பேருக்கும் வாசித்துப் பாருங்கள், தெரியும். நிறம், பளபளப்பு, தலையில் பொறித்த பெயர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஸ்டெப்னியும் முதலாவதும் கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும். கழுத்தின் மேல்முனையில் கம்பி தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் என்கிற முட்டு வரை முப்பத்திநாலு அங்குலம் என்பது வழக்கமான அளவு. முப்பது அங்குலக் குட்டை ரகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், பாட்டின் நடுவில் மாற்றும்போது விரல் பழைய இடத்தையே தேடும். அங்கே வேறு ஸ்வரம் உட்கார்ந்திருக்கும். எங்கள் தலைவர், "புதுப் படப் பாட்டெல்லாம் கீழே போகுது, அஞ்சு கம்பி வாங்கேன்" என்றார். ஐந்தாவது கம்பி 31 அதிர்வு வரை இறங்கும், உண்மைதான். ஆனால் நாலுக்குப் பழகிய கட்டைவிரல் அவசரத்தில் ஐந்தில் தடுமாறும். தவிர, பீடாப் பெரியவர்களிடம் "மீதி ஒரு கம்பி எங்கே?" என்ற புதுக் கேள்வியைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கடைகளில் ஒரு வினோதம். எந்த பேஸை எடுத்தாலும் கடைப் பையன் ஸ்லாப் அடித்துக் காட்டுகிறான். கட்டைவிரலால் அறைந்து, ஆள்காட்டியால் சுண்டி, பிரமாதமாக இருக்கிறது. கல்யாண மேடையில் அப்படி ஒரு தடவை அடித்தால் பாடகி திரும்பி முறைப்பார், இரண்டாவது தடவை தலைவர் சம்பளத்தில் கை வைப்பார். "அண்ணா, இதுல சவுண்டு சும்மா கிழியும்" என்றான் பையன். எனக்குக் கிழியாத சவுண்டு போதும்.

நான் சோதிக்கிற விதம் வேறு. இளையராஜா பாட்டில் பேஸ் என்பது அடியில் தாளம் தட்டுகிற ஆள் இல்லை. பாடகருக்கு இணையாகத் தானும் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். அவர் குழுவில் சசிதரன் வாசித்து வைத்துவிட்டுப் போனதை மேடையில் திரும்ப எழுப்ப முயன்றவர்களுக்குத் தெரியும், விரல் கழுத்தின் மேல்கட்டம் வரை ஓட வேண்டியிருக்கும். மலிவுக் கிட்டாரின் குட்டு அங்கேதான் உடையும். கீழே சுருதி சுத்தமாக இருக்கும், பன்னிரண்டாவது கட்டத்தில் ஏமாற்றும். அந்தக் கட்டத்தில் கம்பியை லேசாகத் தொட்டு ஒரு ஸ்வரம், அழுத்தி ஒரு ஸ்வரம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் சிறிதென்றால் முட்டில் உள்ள திருகாணியை நகர்த்திச் சரிசெய்யலாம். சரிசெய்தும் சேரவில்லை என்றால் பையனுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வரவும். நான் ‘நினைவெல்லாம் நித்யா’ படத்துப் பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தேன். பக்கத்தில் யுகுலேலே பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வாய்க்குள் பாடினார். பேஸ் மட்டும் கேட்டு ஒருவர் பாட்டைக் கண்டுபிடித்தது என் தொழில் வாழ்க்கையின் பெரிய விருது.

பட்ஜெட்டில் பொருந்தியவை சில. இபானெஸ் ஜிஎஸ்ஆர்200 கைக்கு இதமான மெல்லிய கழுத்து. ஆனால் உள்ளே பேட்டரி, பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. ஒரே வியாதி இரண்டு பேருக்கும் வரக் கூடாது. யமஹா டிஆர்பிஎக்ஸ்174இல் பேட்டரி கிடையாது. ஃபெண்டரின் மலிவுத் தம்பியாக 1982இல் கிளம்பிய ஸ்குவையரில் பிரெசிஷன், ஜாஸ் என்று இரண்டு வடிவமும் உண்டு. ஜாஸில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இரண்டு. இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் ‘ஙீ’ என்று கிளம்பும். சீரியல் லைட்டும் டிம்மரும் எல்இடி திரையும் ஒரே ஒயரில் தொங்குகிற நம் மண்டபங்களில் அந்த ‘ஙீ’ தனி ஆவர்த்தனமே செய்யும். பிரெசிஷனில் 1957இலிருந்தே பிக்கப்பை இரண்டாக வெட்டி, ஒன்றின் இரைச்சலை இன்னொன்று தின்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். லியோ ஃபெண்டர் சென்னைக் கல்யாண மண்டபம் பார்த்ததில்லை. பார்த்த மாதிரிதான் செய்திருக்கிறார்.

ஆகவே கறுப்பு பிரெசிஷன். அதுவும் பழையது. இன்ஜினீயரிங் காலேஜ் பேண்டுகள் வருடாவருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் கலையும். வேலை கிடைத்த பையன் முதலில் விற்பது பேஸைத்தான். அதிகம் வாசிக்கப்படாத சரக்கு. ஒரு கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தேன், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி ஆலன் சாவிக்கு அசைகிறதா என்று திருகினேன். அது அசையாவிட்டால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடல் காற்றில் கழுத்து வளைந்தால் நிமிர்த்த வேறு வழி இல்லை. பையன் தயங்கி, "அங்கிள், நீங்களும் பேண்டு ஆரம்பிக்கறீங்களா?" என்றான்.

விலையில் மிஞ்சியதை வீட்டில் ஒப்படைக்கவில்லை. ரிச்சி தெருவில் உறுதியான சாக்கெட்டும் குமிழ் இரண்டும் வாங்கி மாற்றினேன். முதலாவதில் உள்ள அதே 45–105 கம்பி. ரிப்பேர்காரரிடம் கொடுத்துக் கம்பி உயரமும் முதலாவதைப் போலவே. கூடவே மேடைக்கு ஒரு ஸ்டாண்டு. ஸ்டெப்னி உறைக்குள் படுத்திருந்தால், ஜிப்பைத் திறந்து சுருதி சேர்ப்பதற்குள் பாட்டு முடிந்து பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வாங்கியது தெரிந்ததும் இரவல் கேட்க ஆள் வந்துவிட்டது. சும்மா இருக்கிற கிட்டார்தானே என்கிறார்கள். மனைவி இதற்கு வாடகை நிர்ணயித்திருக்கிறாள்; அட்வான்ஸ் ஜிபேயில், அவள் நம்பருக்கு. வேண்டியவர்கள் அவளிடம் பேசவும். முகூர்த்த நாளில் மட்டும் கேட்காதீர்கள். அன்று அது ஸ்டாண்டில் என் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும்.