நிறைமாதப் படபடப்பு: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிரசவ பயம் யாருக்கு வரும் என்று கேட்டால், பிள்ளை பெறப்போகிறவளுக்கு என்று யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ ஆவடி காமராஜர் நகர்ப் பக்கமோ ஒரு நிறைமாத வீட்டில் அரை நாள் உட்கார்ந்து காபி குடித்ததில்லை என்றே கொள்ள வேண்டும். இவ்வாய்வின் கருதுகோள் வேறு: ஒரு வீட்டில் நிறைமாதப் படபடப்பின் மொத்த அளவு மாறாதது, அதைச் சுமக்கிற ஆள்தான் மாறுவார். மாமியார், அம்மா, புருஷன், மாடி போர்ஷன் ஆன்ட்டி எல்லோரும் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்தால் கர்ப்பிணிக்கு. பெரும்பாலும் மிச்சம் இருப்பதில்லை. ஆகவே அவள் பயப்பட நினைத்தால் எல்லோரும் தூங்கின பிறகு தனியாகத்தான் பயப்பட்டுக்கொள்ள வேண்டும்.

ஆய்வெல்லை: கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே திருநின்றவூர், தெற்கே பூந்தமல்லி. வடக்கே எல்லை வகுக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எப்படியும் போன் செய்துவிடுகிறார்கள்.

முன்னோர் ஆய்வுகளைப் புரட்டினால், இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற மருத்துவர் 1930களிலேயே ஒரு கொள்கை சொல்லியிருக்கிறார். பயந்தால் உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயம் கூடும். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில், இந்த பயம் முற்றிய நிலைக்கு டோகோஃபோபியா என்று பெயரிட்டு ஒரு கட்டுரை வந்தது. இரண்டுமே நல்ல ஆய்வுகள்தான். ஆனால் பயப்படுகிறவள் தனி ஆள் என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. கொரட்டூரில் எந்தக் கர்ப்பிணியும் ஒன்பதாம் மாதத்தில் தனியாக ஓர் அறையில் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. டிக்-ரீட் மாமியாரைக் கணக்கில் எடுக்கவில்லை.

நம் மரபு இதில் ஒரு படி மேலே. திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணத்தில், காவிரியில் வெள்ளம் வந்து அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, மகளுக்குச் சிவபெருமானே தாயாக வந்து பிரசவம் பார்க்கிறார். தாயுமானவர் என்று பெயர் வந்தது அப்படித்தான். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு அங்கே வாழைத்தார் சார்த்துவது இன்றும் நடக்கிறது. ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது. அங்கே முதல் பிரச்சினை வலி இல்லை, போக்குவரத்து.

இங்கேயும் அதேதான். புருஷனின் படபடப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது முழுக்க சாலை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் 'கேட் போட்டுட்டா என்ன பண்றது' என்பதில் அது தொடங்கும். சி.டி.எச். ரோட்டில் காலை எட்டரை மணிக்கு வலி வந்தால் எஸ்டேட் வண்டிகளுக்கு நடுவே டன்லப் ஸ்டாப்பைத் தாண்ட எவ்வளவு நேரம்? பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரே நேர்ரோடு: வேலப்பன்சாவடி, வானகரம், மதுரவாயல், கோயம்பேடு என்று போனால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலிலேயே விடும். ஆனால் அந்த நேர்ரோட்டில் மெட்ரோ வேலையும் தண்ணி லாரியும் ஆம்னி பஸ்ஸும் தங்களுக்கும் அவசரம் இருப்பதாகவே கருதுகின்றன. ஆவடி, 1960களில் விஜயந்தா டாங்கி செய்து வெளியே அனுப்பிய ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செக்போஸ்டைத் தாண்டிக் கர்ப்பிணியைக் கொண்டுபோவதற்கு அதில் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கலாம் என்பது டாங்கித் தொழிற்சாலையான எச்.வி.எஃப்.பில் ஓய்வுபெற்ற அப்பா ஒருவரின் கருத்து. அவர் மூன்று வழிகளைக் காகிதத்தில் வரைந்து பிரிட்ஜில் ஒட்டியிருந்தார். கர்ப்பிணி அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தாள்.

2008 செப்டம்பரிலிருந்து 108 ஓடுகிறது, கூப்பிட்டால் வருகிறது. இருந்தாலும் தெருமுனை ஆட்டோக்காரர் நம்பர், எதிர்வீட்டுக் காரின் நம்பர், அந்தக் காரை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் நம்பர் எல்லாம் சேமிக்கப்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் டேட் என்றால் இதோடு மழையும் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு வானிலை அறிக்கையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே கோப்பில்தான் போகின்றன. அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது சுகாதாரத் துறைக்கே வழக்கம்.

அடுத்து, தேதி. 'டேட் குடுத்துட்டாங்க' என்ற செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அங்கே வேறு காலண்டர் தேவைப்படுவதில்லை. இந்தத் தேதியைக் கொடுப்பது டாக்டரம்மா என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கொடுத்தவர் ஃபிரான்ஸ் நேகலே என்ற ஜெர்மன்காரர். 1851-லேயே காலமாகிவிட்டதால் அவரிடம் போய் விசாரிக்கவும் வழியில்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்த முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், அடுத்த வருஷத்துக்குத் தாவினால் அவர் கணக்கு வந்துவிடும். மொத்தம் 280 நாள். குறித்த அந்த நாளிலேயே பிறக்கிற குழந்தைகள் இருபதுக்கு ஒன்று தேறினால் அதிகம். மீதிப் பேர் முன்னே பின்னே வருவது இயற்கை. இது டாக்டருக்குத் தெரியும், நர்சம்மாவுக்குத் தெரியும், கர்ப்பிணிக்கும் செக்கப்பில் சொல்லியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் போன் செய்கிறவர்கள் மட்டும்.

இந்த போன்கள் தனி ஆய்வுக்குரியவை. தேதிக்கு ஒரு வாரம் முன்பு 'எப்படிம்மா இருக்கே?' என்று வரும். தேதியன்று 'என்ன, விசேஷம் ஏதாவது?' தேதிக்கு மறுநாள் 'இன்னும் ஆகலையா?' என்ற கேள்வி, கரண்ட் பில் கட்டாதவர்களைக் கேட்கும் குரலில் வரும். நான்காம் நாளில் அவர்கள் கர்ப்பிணியை விட்டுவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டு, 'தண்ணி கம்மியா இருக்காமே? எங்க நாத்தனார் பொண்ணுக்கு இப்படித்தான்…' என்று ஆரம்பிப்பார்கள். நாத்தனார் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள் என்ற தகவல் கதையின் கடைசி வரியில்தான் கிடைக்கும். அந்த வரிக்குள் அம்மாவுக்குப் பிரஷர் ஏறியிருக்கும்.

தேதியோடு நட்சத்திரமும் வருகிறது. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தவருக்கு ஆகாது, விசாகம் மச்சினனுக்கு ஆகாது. இன்னும் பிறக்காத ஒரு குழந்தை, இருபத்தைந்து வருஷம் கழித்து எங்கேயோ ஒரு வீட்டில் யாருக்கு ஆகாமல் போகும் என்று திருமுல்லைவாயிலில் இன்றைக்கே கவலைப்படுவது நம்முடைய தொலைநோக்கைக் காட்டுகிறது. பரணி தரணி ஆளும் என்பதால் அந்த நாள் சிசேரியனுக்குக் கேட்பார் உண்டு. நேரம் பார்த்துப் பெறுவது நேற்று வந்த பழக்கமில்லை. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகாள்வான் என்று சோதிடர் சொல்ல, தன்னைத் தலைகீழாகக் கட்டச்சொல்லிப் பிள்ளையைத் தாமதப்படுத்தினாள் கோச்செங்கட்சோழனின் தாய் என்று பெரியபுராணம் சொல்கிறது. பிள்ளை சிவந்த கண்ணோடு பிறந்து நாடாண்டது. தாய் பிழைக்கவில்லை. நல்ல நேரம் கேட்டு டாக்டரை நச்சரிப்பவர்கள் இந்தக் கதையின் முன்பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வலியின் வகைகளைப் பற்றி வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. பொய் வலி, சூட்டு வலி, நிஜ வலி. ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அம்மா முதலில் செய்வது சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கஷாயம் கொடுப்பது. குடித்ததும் அடங்கினால் சூட்டு வலி, கூடினால் கிளம்பு. அந்த நேரத்தில் புருஷன் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, இரண்டு வலிக்கு நடுவே எத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொண்டிருப்பான். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1872-ல் விவரித்த இந்தப் பொய் வலிக்கு மேல்நாட்டில் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சீரகக் கஷாயம் கண்டுபிடித்த கிழவிக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெயர்தான் பை, பொருளில் அது ஜவுளிக்கடைக் கட்டைப்பை, எண்ணிக்கையில் மூன்று. முதல் பையில் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தது. புதுத்துணி குழந்தைக்கு ஆகாது, உறுத்தும். அதன் மேல் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு, பழைய காட்டன் புடவை ஒன்று. இரண்டாவது பையில் பிளாஸ்க், டம்ளர், ஹார்லிக்ஸ், பிரெட், பிளாஸ்டிக் மக், கூட இருப்பவர் படுக்கப் பாய். மூன்றாவது பைதான் உயிர்நாடி: தாய் சேய் அட்டை, ஸ்கேன் படங்கள், ஆதார் ஜெராக்ஸ், கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி நம்பர் எழுதிய சீட்டு. அந்த நம்பர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் சிக்கல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பதினெட்டாயிரத்திலும் சிக்கல். அட்டைகளுக்கு நடுவே திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெய், மூடி கழன்று ஸ்கேன் படத்தில் கசிந்தது. எட்டாம் மாதத்திலிருந்து இந்த மூன்று பைகளும் கதவோரம் நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இடறுவார்கள், திறந்து பார்ப்பார்கள், 'துண்டு வைக்கலையா?' என்பார்கள். துண்டு இருக்கும். அடியில்.

பாட்டி மட்டும் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாள். 'நாங்கல்லாம் நாத்து நட்டுட்டு வந்து பெத்துப்போட்டோம்.' சோழவரம் பக்கத்துப் பாட்டிகள் பலரும் இதையே சொல்வதால் இது செவிவழித் தரவில் முக்கியமானது. ஆனால் பெற்றது எட்டு, பேர் சொல்வது ஐந்து என்பதைக் கூட்டிப் பார்த்தவர்கள் அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். பாட்டியின் பெருமைக்காக இதை விட்டுக்கொடுக்க முடியாது.

ஆஸ்பத்திரி என்றதும் இரண்டு பயம். ஒன்று, 'கத்தி வச்சுடுவாங்களோ?' 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 குழந்தைகள் சிசேரியனில் பிறந்திருக்கின்றன. தனியாரில் மட்டும் பார்த்தால் சுமார் 64. கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதற்கு மேல் இவ்வாய்வு போகாது. இன்னொன்று, 'எக்மோருக்கு எழுதிட்டாங்க' என்ற வாக்கியம். இதைக் கேட்டதும் ஆவடியில் கை கால் உதறுகிறது. 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி அது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் மேனனும் எழுதி 1938-ல் வந்த மகப்பேறு நூலைத்தான் இந்திய டாக்டர்கள் பல தலைமுறையாகப் படித்துத் தேறினார்கள். சிக்கலான கேஸுக்கு அதைவிடப் பழகிய கை எங்கே கிடைக்கும்? ஆனாலும் பயம் கட்டடத்தைப் பார்த்து வருவதில்லை, சீட்டைப் பார்த்து வருகிறது.

இத்தனைக்கும் நடுவே கர்ப்பிணி என்ன செய்கிறாள்? அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக்கொடுக்கிறாள். புருஷனிடம் 'ஒண்ணும் ஆகாது, நீ ஆபீஸ் போ' என்கிறாள். மாமியாரிடம் துண்டு இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, மூன்று மாதத்துக்கு முன் பெற்று வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, 'ரொம்ப வலிக்குமாக்கா?' என்று கேட்கிறாள். அவளுக்கு வலிகூடப் பெரிதில்லை. உள்ளே யாராவது திட்டுவார்களோ, கத்தினால் கேலி செய்வார்களோ, தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காதோ என்பதுதான். 2004-ல் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். இந்தத் துறையில் இதுவரை நடந்ததிலேயே உருப்படியான காரியம் அது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. கூட யார் இருப்பது என்பதில் அம்மாவுக்கும் மாமியாருக்கும் எழும் போட்டி வேறு கட்டுரைக்குரியது.

பக்கத்து வீட்டுப் பெண் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, 'மறந்துபோச்சுடீ' என்றாள். பிரசவ வைராக்கியம் என்று இதைத்தான் சொல்வார்கள்; பேச்சுக்கு நடுவே அவள், அடுத்தது பொண்ணாக இருந்தால் தேவலை என்றும் சொன்னாள்.

இரண்டாம் பிரசவத் தரவுகள் நம் கருதுகோளை உறுதிப்படுத்துகின்றன. பை முதல்நாள் ராத்திரிதான் கட்டப்படுகிறது, அதுவும் ஒன்றே ஒன்று. வழி வரைந்த காகிதம் இல்லை. மாமியார் சீரியல் முடிந்துதான் கிளம்புகிறார். புருஷனின் ஒரே கேள்வி, மூத்ததை யார் ஸ்கூலில் விடுவது என்பது. மொத்தப் படபடப்பும் அப்படியே இறங்கியிருப்பது யூ.கே.ஜி. படிக்கும் அந்த மூத்ததின் தலையில். பாப்பா வந்தால் தன் தூளியை அதற்குக் கொடுத்துவிடுவார்களா என்று அது வளைகாப்புக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்க்கிறது. வளையல் அடுக்கிய கையோடு கலவை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாரும் நேரான பதில் சொல்வதாயில்லை.