டேப்பின் மறுமுனை

உள்அலங்கார நிறுவனத்தில் கோடை இன்டர்ன் என்பவர், அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காகக் கல்லூரியிலிருந்து அனுப்பப்படும் மாணவர். சித்திரை பிறந்ததும் தென்படுவார். குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் காணாமல் போவார். திருநெல்வேலியில் பெருமாள்புரம், மகாராஜ நகர், தெற்கு பைபாஸ் சாலைப் பக்கம், பூச்சு முடிந்து பெயின்ட் அடிக்காத வீடுகளுக்குள் இவரைப் பார்க்கலாம். தோளில் லேப்டாப் பையும், அதை இறக்கி வைக்கத் தூசியில்லாத இடம் தேடும் கண்களும் இவரது அடையாளங்கள்.

இவர் வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். சென்னையிலோ கோவையிலோ படிக்கும் இவர், தை மாதமே பெங்களூருவின் பெயர்பெற்ற அலுவலகங்களுக்கெல்லாம் போர்ட்ஃபோலியோ அனுப்பியிருப்பார். பங்குனி முடிந்தும் பதில் வந்திருக்காது. பிறகு அப்பா, தமக்குத் தெரிந்த கண்ணாடிக்கடை அண்ணாச்சியிடம் சொல்வார். அண்ணாச்சி, தம்மிடம் கண்ணாடி வாங்கும் இன்டீரியர்காரரிடம் சொல்வார். "பிள்ளைக்கு சர்டிபிகேட்டு வேணுமாம். ரெண்டு மாசம் கூட வச்சுக்கிடுங்க." நேர்காணல் அத்துடன் முடிந்தது.

நிறுவனத்தை நடத்துபவர் முன்பு ப்ளைவுட் கடை வைத்திருந்தவராக இருக்கலாம். சிவில் டிப்ளமா படித்து, வீடு கட்டிக் கொடுத்து, பிறகு கட்டிய வீட்டுக்குள்ளேயே தொழிலைத் தொடர்ந்தவராகவும் இருக்கலாம். ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை வைக்க 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக் கலை மன்றத்தில் பதிவு வேண்டும். உள்அலங்காரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே, அலுவலகத்தில் டிசைன் படித்த ஒரே ஆள் அந்த ஆண்டின் இன்டர்னாகவே இருந்துவிடுவதும் உண்டு. இதை இரு தரப்பும் வெளியே சொல்வதில்லை.

முதல் நாள் கறுப்புச் சட்டையில் வருவார். டிசைன்காரர்கள் கறுப்பு உடுத்துவது உலக வழக்கம். அக்கினி நட்சத்திரத்தில், பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும் நண்பகலில், ஃபேன் மாட்டாத மாடியறையில் ஒரு மணி நேரம் நின்றால் அது குளிர்நாட்டில் பிறந்த வழக்கம் என்பது விளங்கும். அந்த வாரம் முடிவதற்குள் அப்பாவின் பழைய பருத்திச் சட்டைக்கு மாறிவிடுவார். காலையில் நன்னாரி சர்பத்தும் மாலையில் டீயும் வடையும் வேலையாட்களுக்கு வரும். அவற்றை வாங்கிவரும் பொறுப்பு யாரும் ஒப்படைக்காமலேயே இவரிடம் வந்து சேரும்.

பணிகளில் முதன்மையானது அளவெடுப்பு. ஆசாரி டேப்பை இழுத்துக்கொண்டு போய் எண்ணைப் படிப்பார். இன்டர்ன் கொக்கி உள்ள முனையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பார். எண்கள் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பூச்சியம் மட்டும். சும்மா நிற்கும் இவர் கண்ணில் ஒரு குறை படும்: டேப் முனையில் இருக்கும் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறது. உடனே கட்டிங் ப்ளையரால் நெருக்கி இறுக்கப் பார்ப்பார். ஆசாரியின் குரல் அப்போதுதான் முதன்முறையாக உயரும். "ஏ தம்பி, கைய எடும். அது ஆடத்தாம்யா செய்யும். வெளிய மாட்டி இழுத்தா தகட்டுக் கனத்துக்கு வெளிய வரும், சுவத்துல முட்டுக் குடுத்தா அதே கனத்துக்கு உள்ள போகும். ரெண்டு கணக்கும் சரியாப் போச்சா?" ஆறு பருவம் படித்தவருக்கு யாரும் சொல்லாத செய்தி இது. மேலே சொன்ன ப்ளையரை இவர் மெதுவாகப் பையில் வைத்துக்கொள்வார்.

டவுன் ரதவீதிகளை ஒட்டிய பழைய வீடு ஒன்று வேலைக்கு அகப்பட்டால் பாடம் இன்னும் விரியும். பட்டாசல் என்ற கூடம் பார்க்கச் செவ்வகமாகத்தான் இருக்கும். இன்டர்னும் நீளம் ஒன்று, அகலம் ஒன்று குறித்துக்கொண்டு நோட்டை மூடுவார். ஆசாரி மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடி, அடுத்த சுவரில் நாலடி புள்ளி வைத்து, இரண்டுக்கும் குறுக்கே டேப்பைப் பிடிப்பார். ஐந்தடி வந்தால் மூலைமட்டம் சரி. வராது. ஒன்றரை அடிக் கனச் சுண்ணாம்புச் சுவர் மூன்று தலைமுறையாகத் தன் விருப்பப்படி நின்றிருக்கிறது. ஆகவே அலமாரி வரும் இடத்தில் தரையோரம், இடுப்புயரம், உச்சி என மூன்று இடத்தில் அகலம் எடுத்து, மூன்றில் சிறியதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மிச்ச இடைவெளியைப் பட்டை வைத்து மறைக்க வேண்டும். பித்தாகரஸ் தேற்றத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த இன்டர்ன், அது ஒரு ஆசாரிக்குத் தெரிந்திருப்பதைச் சந்தேகத்துடன் பார்ப்பார்.

அளவு எடுத்த பின் அதைப் புரிந்துகொள்வது தனி வேலை. கல்லூரியில் எல்லாம் மில்லிமீட்டர். வீட்டுக்காரர் அடியில் பேசுவார். கொட்டேஷன் சதுர அடியில் போகும். ஆசாரி அங்குலத்திலும் நூலிலும் கணக்குப் பார்ப்பார். அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஏணிமேல் இருந்து "நாலே காலடி, ரெண்டு நூலு கம்மி" என்று குரல் வரும். கீழே நிற்பவர் போனில் தட்டி 1,289 என்று எழுதுவதற்குள் அடுத்த மூன்று அளவுகள் சொல்லப்பட்டிருக்கும்.

ப்ளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி, அதாவது 2,440-க்கு 1,220 மில்லிமீட்டர். மென்பொருளில் இன்டர்ன் போட்டுத் தரும் வெட்டுப்படத்தில் அது நீளவாக்கில் இரண்டு ஈரடித் துண்டுகளாக, துளி வீணாகாமல் பிரிந்திருக்கும். "ரம்பம் திங்கதுக்கு யாரு குடுப்பா?" என்பார் ஆசாரி. ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய ஒரு நூல் மரத்தைத் தூளாக்கிவிடும். அதன்பின் இருபுறமும் மைக்கா ஒட்டினால் 18 மில்லிமீட்டர்ப் பலகை 20 ஆகும். டிராயருக்கு இருபக்கமும் சேனல் ஓட அரை அரை அங்குலம் விட வேண்டும். 18 அங்குல இடைவெளிக்கு 17 அங்குல டிராயர்தான் போகும். இன்டர்னின் படத்தில் 18-க்குள் 18 அழகாகப் பொருந்தியிருக்கும். படத்தில் உள்ள டிராயரை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

மைக்கா தேர்வு இவரது தனி ஆட்சிப்பகுதி. கேட்டலாக்கில் ஐவரி, ஆல்மண்ட், பேர்ல், ஃப்ராஸ்டி என வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் அறைக்குத் தரும் மனநிலையை விளக்குவார். "எல்லாம் வெள்ளைதான?" என்று வீட்டுக்காரர் கேட்பார். முக்கால் மணி நேர விளக்கத்துக்குப் பிறகு, பக்கத்து வீட்டில் போட்டிருக்கும் தேக்கு நிறம் தேர்வாகும்.

இவருக்கு உள்ளபடியே பெருமை தருவது 3டி படம். லேப்டாப் இரவெல்லாம் உறுமி, காலையில் ஒரு பட்டாசலைப் பெற்றெடுக்கும். வெள்ளை சோபா, மூலையில் அகன்ற இலைச் செடி, அடுக்களை மேடையில் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள். மனித நடமாட்டம் கிடையாது. வீட்டார் கூடி நின்று பார்ப்பார்கள். முதலில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொடங்குவார்கள்.

"காலண்டர் எங்கன மாட்ட?"

"தாத்தா படத்துக்கு மாலை போட ஆணி வேணும்லா, சீரியல் பல்புக்கு ஒரு பிளக்கும்."

"மழைக்கு உள்ள துணி காயப்போடக் கொடி?"

கடைசியாக ஆச்சி கேட்பார்: "இத்தன ஆப்பிள் எதுக்கு? யாருக்கு மேலுக்கு முடியல?"

அடுக்களைதான் இன்டர்னின் மிகக் கடினமான தாள். இவர் வரைந்த மாடுலர் கிச்சனில் கரண்டிக்கு ஒரு டிராயர், முள்கரண்டிக்கு ஒரு டிராயர், மசாலா டப்பிகளுக்கு இழுக்கும் கூடை எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் முள்கரண்டியே கிடையாது. இருப்பவை கிரைண்டர், அம்மி, அரிவாள்மனை, இட்லிக் கொப்பரை, மகள் கல்யாணத்துக்கு முன்கூட்டியே சேர்த்துவைத்த குத்துப்போணிகள், மேலத்தெரு வரை கடன் போய்வரும் ஓர் அண்டா. சொதி வைக்கும் நாளில் தேங்காய் துருவ ஒருவர் தரையில் உட்கார வேண்டும். இவர் படத்தில் அந்தத் தரையில் கூடை வந்து நிற்கிறது.

மேடை உயரத்தை 850 மில்லிமீட்டர் என்று பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதியிருப்பார். ஆச்சி மேசையருகே நின்று, கையை மாவு பிசைவதுபோல் வைத்துக் காட்டுவார். தோள் ஏறி நிற்கும். மேடை என்பது சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது தொழிலின் விதி. இன்டர்ன் டேப்பை எடுப்பார். கொக்கி முனையை வேறொருவர் ஆச்சியின் பாதத்தருகே பிடித்துக்கொள்ள, இவர் முழங்கைவரை இழுத்து எண்ணைப் படிப்பார். வந்த நாளிலிருந்து எண் உள்ள பக்கம் இவர் நிற்பது அப்போதுதான். மேடை இரண்டு அங்குலம் இறங்கும். அந்த விடுமுறையில் இவர் செய்யும் உருப்படியான டிசைன் பெரும்பாலும் இந்த இரண்டு அங்குலமே.

மண்ணுக்குரிய பொருள்களின்மீது இன்டர்னுக்குத் தீராத ஆர்வம் உண்டு. அது ஆசிரியர் சொல்லி வந்தது. ஊரில் பிறந்து வளர்ந்தும், பத்தமடைப் பாய் என்ற ஒன்று இருப்பதைச் சென்னையில் போய்த்தான் தெரிந்துகொண்டிருப்பார். தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, உலர்த்தி, இழையாகக் கிழித்து, துணியாகவே மடிக்கக்கூடிய மென்மையில் நெய்யும் அந்தப் பாயை டிவிக்குப் பின்னால் சுவரில் பதிக்கலாம் என்று முன்மொழிவார். மணமக்கள் பெயர் நெய்த பாய் அந்த வீட்டுப் பீரோவிலேயே இருக்கும். "கல்யாணப் பாயக் கொண்டுபோயி சுவத்துல ஒட்டவா?" என்ற கேள்வியோடு அந்தத் தலைப்பு முடிவுறும்.

படம் எல்லாம் ஒப்புதலான பிறகு வாஸ்து பார்ப்பவர் வருவார், முன்னால் வருவதில்லை. பூஜையறை ஈசானிய மூலைக்கும், அடுப்பு அக்கினி மூலைக்கும், பீரோ கன்னி மூலைக்கும் நகரும். முழுப்படத்தையும் இடம் வலமாகத் திருப்பிப்போட ஆட்டோகேடில் ஒற்றைக் கட்டளை உண்டு. வாஸ்துவை மனத்தில் கொண்டே அதைச் செய்திருப்பார்கள் என்று இன்டர்ன் நம்பத் தொடங்குவார். ஆனால் அந்தக் கட்டளைக்குத் தண்ணீர்க் குழாய் நகராது.

வேலைத் திட்ட அட்டவணையும் இவர் தயாரிப்பதே. எந்த நாளில் தச்சு, எந்த நாளில் ஃபால்ஸ் சீலிங், எந்த நாளில் பெயின்ட் என வண்ணவண்ணப் பட்டைகளாக அது சுவரில் தொங்கும். சித்திரையும் வைகாசியும் இந்த வட்டாரத்தில் கோயில் கொடைத் திருவிழாக் காலம் என்பது அதில் இருக்காது. ஜிப்சம் போர்டு பாதி ஏறிய நிலையில் ஆள்கள் மறைவார்கள். போன் செய்தால் பின்னணியில் வில்லுப்பாட்டு கேட்கும். "சுடலைக்குக் கொடைல்லா தம்பி. கழிச்சு வாரேன்." எப்போது என்று கேட்பது மரபல்ல. ஒரு கொடைக்கு மூன்று நாள் என்று கணக்கு வைத்தாலும், தச்சருக்கு ஓர் ஊர், பெயின்டருக்கு ஓர் ஊர். இரண்டாவது அட்டவணையில் இன்டர்ன் கொடைக்கும் ஒரு வண்ணம் கொடுத்திருப்பார். மேலாண்மை என்ற பாடத்தில் இவர் தேறியது அன்றுதான்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அதுவும் சுருக்கமானதே. பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும். சில இடங்களில் அதுவும் கிடையாது; "கத்துக்கிடுததுக்குக் காசு கேக்கலாமா?" என்பார்கள். இதற்கு உலக முன்னுதாரணம் உண்டு. கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1951-இல் பாரிசில் லெ கார்பூசியேயிடம் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். 2018-இல் அவருக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் ஃப்ராங்க் லாய்டு ரைட் 1932-இல் தொடங்கிய டாலிஸின் பயிற்சிக்கூடத்தில் மாணவர்களே 650 டாலர் கட்டிச் சேர்ந்து, வயலிலும் சமையலறையிலும் வேலை செய்தார்கள். முதலாளிகள் இந்த வரலாற்றை அறிந்தவர்கள் அல்லர். பாரம்பரியத்தை மட்டும் காத்துவருகிறார்கள்.

கடைசி வாரம் சான்றிதழும் அறிக்கையும். சான்றிதழை இன்டர்னே டைப் செய்து, தம் உழைப்பு, ஒழுக்கம், ஆர்வம் ஆகியவற்றைத் தாமே அடக்கத்துடன் புகழ்ந்து, கையெழுத்துக்கு நீட்டுவார். முதலாளி படிக்காமல் போட்டுத் தருவார். அறிக்கை கல்லூரி கேட்கும் நடையில் எழுதப்படும். டேப் பிடித்தது விரிவான தள ஆய்வாகும். வடை வாங்கியது குழு ஒருங்கிணைப்பாகும். மைக்கா கேட்டலாக்கை மூன்றாம் மாடிக்குச் சுமந்தது மூலப்பொருள் ஆய்வாகும். ஆடும் கொக்கிக்கும், ரம்பம் தின்னும் நூலுக்கும், கொடைக்கும் அறிக்கையில் தலைப்பு கிடையாது. ஆகவே அவை விடுபடும். வாய்மொழித் தேர்வில் எந்த மென்பொருளில் படம் போட்டீர்கள் என்று மட்டும் கேட்பார்கள்.

இன்டர்ன்ஷிப்பால் பயன் விளைந்ததா என்பதை அறிய மதிப்பெண் உதவாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. கல்லூரி திரும்பும் முன் எப்படியும் ஓர் அத்தை, "எங்க வீட்டு அடுக்களைக்கும் ஒரு பிளான் போட்டுத் தாயேன்" என்பார். காசு பற்றிய பேச்சு எழாது. என்ன பாணி வேண்டும் என்று கேட்டுப் போனில் படங்களைத் தள்ளிக் காட்டினால், வந்தவர் சான்றிதழை மட்டும் வாங்கிப் போகிறார். வீட்டில் யார் சமைக்கிறார், தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் வருகிறது, பெரிய அண்டாவை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டால் இன்டர்ன்ஷிப் நடந்திருக்கிறது.